முப்பத்து மூன்று விநாடி

அண்ணி நன்றாகத் தூங்கி எழுந்த முகத்தோடு சாப்பாட்டு மேஜைக்கு வருவதை ஒன்பது வருடத்தில் அவள் பார்த்தது அந்த மூன்று வாரங்களில்தான். கண்ணுக்குக் கீழே கிடந்த கருவளையம்கூடக் கொஞ்சம் வெளுத்திருந்தது. அண்ணன் பல் டாக்டர். காலையில் கிளினிக்குக் கிளம்பும்போது ஷூவுக்குள் காலை நுழைத்துக்கொண்டே, "உங்க அண்ணிக்கு நாளுக்கு நாள் வயசு குறையுது பாப்பா. போற போக்கப் பார்த்தா என்னை அவளோட பெரியப்பான்னு நினைச்சுக்குவாங்க" என்று சொல்லிவிட்டுப் போவான். தங்கையான அவளுக்கு நாற்பத்தொரு வயது. அண்ணன் வாயில் இன்னும் பாப்பாதான்.

கல்யாணம் முறிந்து அவள் அண்ணன் வீட்டு மாடியறைக்கு வந்த மூன்றாவது மாதம், சும்மா உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவளை அண்ணிதான் குன்றுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஊரிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். உச்சியில் ஒரு தொலைநோக்கி, அதற்குத் தகரக் கூரை, பக்கத்தில் ஓர் அறை. அண்ணி அங்கே பொறுப்பாளர். இவளுக்குக் கேமரா தொழிற்சாலையில் வேலை பார்த்த கை இருந்ததால், தொலைநோக்கியின் பின்பக்கம் மாட்டியிருந்த கேமராவும் அதை ஓட்டும் கம்ப்யூட்டரும் இவள் தலையில் வந்து விழுந்தன.

அந்த வேலையைப் பற்றி அண்ணன் ஒரே வரியில் சொல்வான்: "நான் பல்லுல ஓட்டை தேடுறேன், இவங்க ரெண்டு பேரும் வானத்துல தேடுறாங்க." உண்மையில் அவர்கள் தேடியது ஓட்டையை இல்லை. நினைத்துப் பார்க்க முடியாத தொலைவில் ஒரு பெரிய நட்சத்திரம் உள்ளுக்குள் இடிந்து விழும்போது காமா கதிர்கள் வெடித்துக் கிளம்புகின்றன. சில விநாடிகள், மிஞ்சினால் ஓரிரு நிமிடங்கள். விண்வெளியில் சுற்றும் செயற்கைக்கோள் ஒன்று அதைப் பார்த்து, இன்ன திசையில் என்று பூமிக்குச் செய்தி அனுப்பும். செய்தி வந்ததும் தொலைநோக்கி தானாக அந்தப் பக்கம் திரும்பிப் படம் எடுக்கத் தொடங்கும். அந்த இடத்தில் கண்ணுக்குத் தெரிகிற வகை ஒளி ஒன்று மின்னி, உடனே மங்கிக்கொண்டு போகும். பின்னொளி என்பார்கள். முதல் ஒரு நிமிடத்துக்குள் பிடித்தால் பிடித்தது. பத்து நிமிடம் தாமதித்தால், பஸ் போன பிறகு புகையைப் பார்த்த கதைதான்.

கேட்க சுவாரசியமாக இருக்கும். செய்து பார்த்தால் அது காத்திருக்கிற வேலை. வெடிப்பு எந்த நேரத்தில் வரும் என்று யாருக்கும் தெரியாது. பகலில் வரும், மழையில் வரும், தொலைநோக்கிக்கு எட்டாத திசையில் வரும். வருடத்தில் ஏழோ எட்டோதான் அவர்களுக்கு வாய்க்கும். அதில் பாதி மேகத்துக்குள் போய்விடும். மழை வருவதற்குள் கூரையை மூட ஓர் ஆள் விழித்திருக்க வேண்டும் என்பதால் ஒரு வாரம் அண்ணி, ஒரு வாரம் இவள் என்று முறை வைத்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒன்பது வருடத்தில் அந்த அலுப்பு இருவர் உடம்பிலும் ஓர் உறுப்பு மாதிரி ஆகிவிட்டது. பேசிக்கொண்டிருக்கும்போதே கண் சொக்கும். உப்பு போட்டோமா இல்லையா என்று நினைவிருக்காது. ஒருமுறை அண்ணி வீட்டுச் சாவியை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, வீடெல்லாம் தேடிவிட்டு, முட்டை எடுக்கப் போனபோது கண்டுபிடித்தார்.

அப்படி இருக்கும்போதுதான் மூன்று வாரத்துக்கு முன்னால் அது வந்தது. பொழுது சாய்ந்து ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. வானம் துடைத்து விட்டாற்போல இருந்தது. அண்ணியின் முறை. இவள் வீட்டுக்குக் கிளம்பிப் பையைத் தோளில் மாட்டியபோது செய்தி வந்தது. பையை மாட்டியபடியே நின்று இருவரும் திரையைப் பார்த்தார்கள். முதல் படத்திலேயே இருந்தது, ஒரு வெள்ளைப் புள்ளி. அடுத்த படத்தில் பிரகாசம் கூடியது. அதற்கடுத்ததிலிருந்து குறையத் தொடங்கியது. அண்ணி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் கணக்குப் பார்த்தபோது தலை கிறுகிறுத்தது. வெடிப்பு தொடங்கியதிலிருந்து பத்தொன்பதாவது விநாடியில் அவர்களுடைய முதல் படம். காமா கதிர்கள் நாற்பத்தைந்து விநாடி நீடித்தன. அவை உச்சத்தில் இருந்தது ஏறத்தாழ இருபத்தைந்தாவது விநாடியில். இவர்கள் பிடித்த ஒளியும் சரியாக அங்கேதான் உச்சம் தொட்டது. அதாவது காமாவும் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் சேர்ந்தே ஏறிச் சேர்ந்தே இறங்கியிருக்கின்றன. இரண்டும் ஒரே இடத்திலிருந்து கிளம்பியவை என்று அதற்குப் பொருள். அப்படி உலகத்தில் மிகச் சிலரே பார்த்திருக்கிறார்கள். இவ்வளவு சின்னத் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு யாரும் பார்த்ததில்லை. அன்றைக்கே உலகத்து வானாய்வுக்கூடங்களுக்கெல்லாம் சுருக்கமாக ஒரு அறிக்கை அனுப்பினார்கள். அடுத்த மாதம் வெளியூரில் நடக்கும் மாநாட்டில் பேச அண்ணிக்கு அழைப்பு வந்தது. பெரிய கட்டுரை ஒன்று எழுதி வெள்ளிக்கிழமை அனுப்புவதாக ஏற்பாடு. அண்ணி தூங்க ஆரம்பித்தது அதன் பிறகுதான்.

கட்டுரையின் கடைசியில் ஒரு சின்ன அட்டவணை வேண்டியிருந்தது. செய்தி எப்போது வந்தது, தொலைநோக்கி எப்போது திரும்பியது, முதல் படம் எப்போது. யாரும் உட்கார்ந்து படிக்காத அட்டவணை. திங்கட்கிழமை மத்தியானம் அவள் குன்றில் தனியாக அதை நிரப்பிக்கொண்டிருந்தாள். தொலைநோக்கியின் நேரமும் படத்தின் நேரமும் அவளுடைய கம்ப்யூட்டரிலேயே இருந்தன. செய்தி வந்த நேரம் மட்டும் வேறு இடத்தில், ஊரில் அலுவலகத்தில் இருக்கும் இயந்திரத்தில் பதிவாகும். அதைத் தேடி எடுத்துப் பார்த்தாள். வெடிப்பு தொடங்கி இருபத்து மூன்றாவது விநாடியில் செய்தி வந்திருந்தது.

அவள் அதைத் திரும்ப ஒருமுறை பார்த்தாள். செய்தி வந்தது இருபத்து மூன்றில். படம் எடுத்தது பத்தொன்பதில். கூப்பிடுவதற்கு முன்பே வந்து நின்றிருக்கிறது தொலைநோக்கி.

எழுந்து போய்க் கேமரா கம்ப்யூட்டரின் திரைக்குப் பக்கத்தில் தன் செல்போனைப் பிடித்துக்கொண்டு இரண்டு கடிகாரங்களையும் பார்த்தாள். கம்ப்யூட்டர் ஒரு நிமிடமும் ஐந்து விநாடியும் பின்தங்கியிருந்தது.

அப்போதுதான் அந்த மத்தியானம் நினைவுக்கு வந்தது. வெடிப்பு வருவதற்கு இருபத்திரண்டு நாள் முன்னால், குன்றில் இடி விழுந்தது. சரியான நேரத்தை வாங்கித் தருவதற்கென்று கூரைமேல் ஒரு சின்னப் பெட்டி இருந்தது. அது செத்துப்போய், அறைக்குள் எச்சரிக்கை மணி விடாமல் பீப் பீப் என்று கத்தியது. அவள் மூன்று நாளாகச் சரியாகத் தூங்கியிருக்கவில்லை. மணியின் வாயை அடைத்தாள். கம்ப்யூட்டரைத் தன் சொந்தக் கடிகாரத்தையே பார்த்துக்கொள்ளும்படி மாற்றிவிட்டாள். நாளைக்குப் புதுப் பெட்டி மாட்ட வேண்டும் என்று இடது உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டாள். அன்று சாயங்காலம் வீட்டில் பாத்திரம் தேய்த்ததில் அது அழிந்துபோனது. மறுநாள் அவளுக்கு ஒன்றும் நினைவில்லை.

அன்றிலிருந்து அந்தக் கம்ப்யூட்டர் ஒரு நாளைக்கு ஒன்றரை விநாடி வீதம் பின்தங்கிக்கொண்டே வந்திருக்கிறது. இருபத்திரண்டு நாளைக்கு முப்பத்து மூன்று விநாடி. ஆக முதல் படம் பத்தொன்பதாவது விநாடியில் எடுத்ததில்லை, ஐம்பத்திரண்டில் எடுத்தது. அதற்குள் காமா கதிர்கள் அடங்கிப்போய்விட்டன. சேர்ந்து ஏறவும் இல்லை, சேர்ந்து இறங்கவும் இல்லை. எல்லோரும் பார்க்கிற பின்னொளி. கொஞ்சம் சீக்கிரம் பார்த்தது, அவ்வளவுதான்.

சாயங்காலப் பஸ்ஸில் இறங்கி அவள் நேராக வீட்டுக்குப் போகவில்லை. அண்ணன் கிளினிக்குக்குப் போனாள். கடைசி நோயாளி போய்விட்டிருந்தார். அண்ணன் கருவிகளைக் கொதிக்க வைக்கும் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தான். அவள் நோயாளிகள் படுக்கும் நாற்காலியில் படுத்துக்கொண்டு, கூரை விளக்கைப் பார்த்தபடி நடந்ததைச் சொன்னாள். அண்ணனுக்கு விநாடிக் கணக்கெல்லாம் முழுக்கப் புரியவில்லை. ஆனால் இவள் செய்த தப்பினால் அவன் மனைவியின் ஒன்பது வருட உழைப்பு வீணாகப்போகிறது என்பது மட்டும் புரிந்தது.

கையுறையைக் கழற்றிவிட்டு வந்து பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"வேற யாருக்காவது தெரியுமா?"

"தெரியாது."

"தானா யாராவது கண்டுபிடிப்பாங்களா?"

"தெரியல. அந்தப் பதிவை யாரும் எடுத்துப் பார்க்க மாட்டாங்க."

மறைக்கச் சொல்லவில்லை என்றும், ஆனால் மாநாடு முடியட்டுமே என்றும், ஒரு மாதம் தாமதமாகச் சொன்னால் நட்சத்திரம் என்ன கோபித்துக்கொள்ளவா போகிறது என்றும் மெதுவாகச் சொன்னான். "அவ தூங்கி எத்தனை வருஷமாச்சுன்னு உனக்குத் தெரியாதா? பக்கத்துல படுத்திருக்கிறவன் எனக்குத் தெரியும். மூணு வாரமாத்தான் அவ மூச்சு விடுற சத்தம் கேக்குது பாப்பா."

அண்ணன் கெட்ட புத்தியில் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை முழுக்க அவள் சொல்லவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது எப்படி என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது: பூசணிக்காய் தானாகவே மறைந்துகொள்கிறது, தின்கிறவனுக்குத்தான் தொண்டை அடைக்கிறது. அண்ணி அலுவலகத்தில் படங்களுக்கு வண்ணம் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார். உச்சப் புள்ளியைச் சிவப்பில் போடலாமா, கறுப்பில் போடலாமா என்று அவளிடம் கேட்டார். கறுப்பு என்றாள். சாயங்காலம் மாநாட்டுக்கு என்று வாங்கிய புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு கூடத்தில் இரண்டு நடை நடந்து காட்டினார். ஐம்பத்து மூன்று வயதில் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இருந்தார். இரவு சாப்பிடும்போது அவள் தட்டில் ஒரு முட்டை கூடுதலாக வைத்து, "ரொம்ப வாடிப்போயிருக்க. கட்டுரை போகட்டும், ரெண்டு வாரம் லீவு எடு" என்றார்.

அவள் மாடிக்குப் போய்ப் படுத்தாள். உடம்பெல்லாம் அடித்துப் போட்டாற்போல இருந்தது, தூக்கம் மட்டும் வரவில்லை. அந்தக் கட்டுரையை நாளைக்கு யாரோ படிப்பார்கள். அதை நம்பி இன்னொருவர் கணக்குப் போடுவார். அதன்மேல் மூன்றாமவர் ஏறி நிற்பார். பாவம், அத்தனை பேரும் அவள் உள்ளங்கையில் அழிந்துபோன ஒரு வரியின்மேல் நிற்பார்கள். விடியும்வரை புரண்டுகொண்டிருந்தாள்.

புதன்கிழமை காலை அண்ணன் குளிக்கப் போயிருந்தபோது, அண்ணி ரொட்டி வாட்டிக்கொண்டிருந்தார். அவள் சமையலறை வாசலில் நின்று சொல்லிவிட்டாள். முன்னுரை எதுவும் இல்லாமல், இடி விழுந்த மத்தியானத்திலிருந்து தொடங்கி, பேனா, உள்ளங்கை, மணி, பின்தங்கிய கடிகாரம், செய்தி வந்த நேரம் என்று ஒன்று விடாமல். அண்ணி அடுப்பை அணைத்தார். ரொட்டி கருகிய வாசனை அடுப்படியில் நின்றது.

"எப்ப தெரிஞ்சுது உனக்கு?"

"திங்கக்கிழமை."

"இன்னிக்கு புதன்."

"ஆமா அண்ணி."

"அப்ப நேத்து முழுக்கத் தெரிஞ்சேதான் என்கூட உக்காந்து சாப்பிட்டிருக்க. செருப்பப் பார்த்து நல்லா இருக்குன்னு சொல்லியிருக்க."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கடிகாரத்தைப் பற்றித் திட்டினால் தாங்கிக்கொள்ளலாம் என்று இரவெல்லாம் மனதைத் தயார்படுத்தி வைத்திருந்தாள். இதற்குத் தயாராக இல்லை.

"கடிகாரம் போறது சகஜம். தூங்காத ஆள் மறக்குறதும் சகஜம்தான். நானே மறந்திருப்பேன்." அண்ணி ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். "ஆனா அந்த ஒரு நாள் என்னை முட்டாளா உக்கார வச்சுட்டியே."

கருகிய ரொட்டியைக் கத்தியால் சுரண்டித் தின்றார். பிறகு பையை எடுத்தார். அவளும் கூடவே கிளம்பினாள். அண்ணன் துண்டோடு வெளியே வந்து இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பப் போய்விட்டான்.

பஸ்ஸில் முக்கால் மணி நேரமும் அண்ணி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார். குன்றுக்கு வந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டார். ஒரு நாளைக்கு ஒன்றரை விநாடி என்பது இவளுடைய ஊகம், வெயிலுக்கும் குளிருக்கும் கம்ப்யூட்டர் கடிகாரம் ஒரே மாதிரி ஓடாது, முப்பத்து மூன்று என்று வாயால் சொன்னால் போதாது, அந்த நிமிடத்தில் சரியாக எவ்வளவு பின்தங்கியிருந்தது என்று நிரூபிக்க முடியுமா என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. வேலைக் குரல்.

நிரூபிப்பது எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை. மூன்று வாரத்துக்கு முந்தைய ஒரு சாயங்காலத்தின் நேரத்தை இன்றைக்குப் போய் யாரிடம் கேட்பது? இருவரும் அன்றைய படங்களை ஒவ்வொன்றாகத் திரையில் ஓட்டினார்கள். ஐந்து விநாடிக்கு ஒரு படம். நான்காவது படத்திலிருந்து ஒரு மூலையில் மெல்லிய கோடு ஒன்று தொடங்கியது. அடுத்த படத்தில் அதன் தொடர்ச்சி. அப்படியே ஏழு படங்களில் படிப்படியாக நகர்ந்து வெளியே போனது. அன்றைக்கு அதைப் பார்த்து அண்ணி திட்டியது அவளுக்கு ஞாபகம் இருந்தது. வானத்தில் சுற்றும் ஏதோ ஒரு பொருள் குறுக்கே போனால் படத்தில் இப்படிக் கோடு விழும். வெடிப்பின் புள்ளிமேல் விழுந்திருந்தால் எல்லாம் கெட்டிருக்கும். விழவில்லை என்பதால் அப்படியே விட்டுவிட்டார்கள்.

அண்ணி கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "இது இவ்ளோ மெதுவா போகுதுன்னா ரொம்ப உயரத்துல இருக்கு" என்றார். "எது எப்ப எங்க இருந்துச்சுன்னு பட்டியல் இருக்குமே."

இருந்தது. பூமியைச் சுற்றுகிற ஒவ்வொரு பொருளுக்கும் பாதைக் கணக்கு உண்டு. எவர் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். அன்றைய சாயங்காலம் அந்தத் திசையில் இருந்தவற்றை வடிகட்டிக்கொண்டே வந்ததில் மத்தியானம் மூன்று மணிக்குச் சிக்கியது. எப்போதோ ஏவிய ராக்கெட்டின் ஒரு துண்டு. வேலை முடிந்து, எரிபொருள் தீர்ந்து, இருபத்தாறு வருடமாகச் சும்மா சுற்றிக்கொண்டிருந்த உலோகக் குழாய். ஒவ்வொரு படத்திலும் கோடு எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று அவள் அளந்து சொல்லச் சொல்ல, அந்த இடத்தில் ராக்கெட் துண்டு எந்த விநாடியில் இருந்திருக்க வேண்டும் என்று அண்ணி கணக்குப் போட்டார். ஏழு கோடு, பதினான்கு முனை. இடையில் டீ போட்டார்கள். இரண்டு கோப்பையும் குடிக்காமலே ஆறிப்போயின. எல்லாம் முடிந்தபோது அறைக்குள் வெயில் சாய்ந்து மேஜைக் காலுக்கு வந்திருந்தது.

பின்தங்கிய நேரம் முப்பத்து மூன்று விநாடி. கூடக் குறையப் போனால் அரை விநாடி.

அண்ணி பேனாவை மூடி வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டார். அழுகிறாரோ என்று அவள் பயந்தாள். அழவில்லை. "சரி" என்றார். "வெண்ணெய் திரண்டு வந்துச்சு, தாழி உடைஞ்சுது. கூட்டி அள்ளுவோம்."

முதல் வேலையாகத் திருத்தம் அனுப்ப வேண்டும். முதலில் அனுப்பிய அறிக்கையை நம்பி உலகத்தில் யார் யார் என்ன செய்துகொண்டிருக்கிறார்களோ. அவளே உட்கார்ந்து நாலு வரி எழுதினாள். நேரத்தில் முப்பத்து மூன்று விநாடிப் பிழை, ஒளியின் உச்சம் காமா கதிர்கள் அடங்கிய பிறகே வந்தது, கேமராப் பொறுப்பாளரின் கவனக்குறைவால் நேர்ந்தது என்று முடித்தாள். அண்ணி படித்துப் பார்த்தார். கடைசி வரியை அடித்துவிட்டு, பிழை எங்களுடையது என்று எழுதினார். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "பொறுப்பாளர் நான்தானே. மூணு வாரம் அந்த நேரத்தை நானும்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன். இவ்ளோ சீக்கிரம் எப்படித் திரும்புச்சுன்னு கேக்கணும்னு எனக்குத் தோணல. தோண நான் விடல" என்று சொல்லிவிட்டு அனுப்பும் பொத்தானை அவரே அழுத்தினார்.

பிறகு வானாய்வுக்கூடத்தின் இயக்குநருக்குப் போன் பண்ணினார். அந்தப் பேச்சில் இந்தப் பக்கத்துக் குரல் மட்டும்தான் அவளுக்குக் கேட்டது. ஆமாம் சார், இல்லை சார், மாநாட்டுக்குப் போகவில்லை சார், நானே அவர்களுக்கு எழுதிவிடுகிறேன் சார். போனை வைத்த பிறகு, அவர் கத்தவில்லை என்றும், 'வருத்தமா இருக்கும்மா' என்று மட்டும் சொன்னார் என்றும், கத்தியிருந்தால் பரவாயில்லை என்றும் அண்ணி சொன்னார்.

பதில்கள் மறுநாள் வந்தன. பெரும்பாலும் ஒரு வரி, தகவலுக்கு நன்றி. ஒன்று மட்டும் நீளமாக இருந்தது. வேறொரு நாட்டில், ஒரு பல்கலைக்கழகத்தின் மொட்டை மாடியில் அகலக் கோணக் கேமரா ஒன்றை வைத்திருக்கும் ஆள் எழுதியிருந்தார். அந்தச் சாயங்காலம் அவருடைய கேமரா தற்செயலாக அதே பக்கம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. இருபத்தைந்தாவது விநாடியில் அது எடுத்த படத்தில் ஒன்றுமே இல்லை. அவ்வளவு பிரகாசமான ஒளி தன் கேமராவில் எப்படி விழாமல் போகும் என்று குழம்பியிருக்கிறார். இவர்களுடைய அறிக்கையைப் பார்த்ததும் தப்பு தன்னுடையது என்று முடிவு கட்டிவிட்டார். மூன்று வாரமாகக் கேமராவைக் கழற்றுவதும் மாட்டுவதும்தான் அவர் வேலை. லென்ஸைப் பிரித்திருக்கிறார், வயரை மாற்றியிருக்கிறார், பத்து வருடம் எடுத்த படங்களெல்லாம் குப்பையோ என்று உட்கார்ந்து யோசித்திருக்கிறார். வீட்டில் பேச்சே நின்றுபோயிருக்கிறது. கடைசியில் ஒரு வரி: நீங்கள் சொல்லாமல் விட்டிருந்தால் இந்த மாதம் அதைக் கழற்றிப் பெட்டியில் வைத்து மூடியிருப்பேன்.

அண்ணி அதைச் சத்தமாகப் படித்துக்காட்டினார். படித்து முடித்ததும் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்த மூன்று வாரமும் அண்ணி தூங்கிய தூக்கம் எங்கோ ஓர் ஆளிடமிருந்து பறித்ததாக இருந்திருக்கிறது.

"பாவம், லென்ஸை எத்தனை தடவை துடைச்சாரோ" என்றார் அண்ணி. சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது. நன்றாகச் சிரிக்கக்கூடத் தெம்பில்லாமல் மேஜையில் தலையைச் சாய்த்துக்கொண்டு இருவரும் சிரித்தார்கள்.

அந்த ஆளின் படத்துக்கு இப்போது ஓர் அர்த்தம் கிடைத்தது. இருபத்தைந்தாவது விநாடியில் ஒளி இல்லை, ஐம்பத்தெட்டில் உச்சம். இடையில் எவ்வளவு வேகமாக அது ஏறியது என்பதிலிருந்து, வெடித்துக் கிளம்பிய பொருள் எவ்வளவு வேகத்தில் பாய்ந்தது என்று கணக்கிடலாம். அவரையும் சேர்த்துக்கொண்டு ஒரு சின்னக் கட்டுரை எழுதலாம் என்று அண்ணி பதில் போட்டார். முப்பது பேர் படிப்பார்கள். மாநாட்டில் அண்ணிக்கு ஒதுக்கியிருந்த அரை மணி நேரத்தை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். புதுச் செருப்பை அண்ணி அலமாரிக்குள் வைக்கவில்லை. மார்க்கெட்டுக்குப் போட்டுக்கொண்டு போகத் தொடங்கினார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் கூரைமேல் ஏறிப் புதுப் பெட்டியை மாட்டி இறங்கினாள். மூன்று மாதத்துக்கு அவளுடைய முறையையும் தானே பார்த்துக்கொள்வதாக அண்ணி சொன்னார். அவள், இது தண்டனையா என்று கேட்டாள்.

"பாதி தண்டனைதான்" என்றார் அண்ணி. "மீதி, நீ நின்னுக்கிட்டே தூங்குற, அதுக்கு. மூணு மாசம் ராத்திரியில ஒழுங்கா தூங்கு. அப்புறம் உன்னை நம்புறதா வேண்டாமான்னு யோசிக்கிறேன்."

"உங்களுக்கு யாரு ஓய்வு கொடுப்பாங்க?"

"ஏன், உங்க அண்ணன் வந்து கூரையை மூடட்டுமே. பல்லுக்கு மூடி போடுற ஆளு, கூரைக்கு மூடி போட மாட்டாரா?"

பழைய அண்ணியின் குரல் அதில் முக்கால்வாசி திரும்பியிருந்தது. மீதிக் கால்வாசி வர நாளாகும் என்று அவளுக்குத் தெரிந்தது. வராமலும் போகலாம். அண்ணியின் கண்ணுக்குக் கீழே கறுப்பு ஏற்கெனவே ஏறத் தொடங்கியிருந்தது.

சாயங்காலப் பஸ்ஸில் அவளுக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. பஸ் முதல் வளைவு திரும்புவதற்குள் தலை கண்ணாடியில் சாய்ந்துவிட்டது. யாரோ தோளைத் தட்டி எழுப்பியபோது விளக்கெல்லாம் எரிந்துகொண்டிருந்தது, பஸ்ஸில் வேறு ஆளே இல்லை. கடைசி நிறுத்தம் என்றார் கண்டக்டர். மூன்று நிறுத்தம் தாண்டி வந்துவிட்டீர்கள், நானும் இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தேன் என்றார். திரும்பிப் போகிற பஸ்ஸுக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. அவள் காத்திருக்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, பையை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டு, கடைகள் சாத்திக்கொண்டிருந்த தெரு வழியாக வீட்டைப் பார்த்து மெதுவாக நடக்க ஆரம்பித்தாள்.